ஒரு முகத்துக்கு மூன்று விநாடி

கிழக்கு லண்டனில் வீடியோ சற்குணத்தின் கமராவில் விழாத யாழ்ப்பாணத்து ஆள் யாராவது இருந்தால், அது முப்பத்தொரு நாள் ஆகாத கைக்குழந்தையாகத்தான் இருக்கவேண்டும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு மனுசன் வெள்ளை லைட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் வந்து நிற்பார். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு என்று எதையும் விட்டவரில்லை. வீடு பிளேஸ்டோவில். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட், சனி ஞாயிறில் கமரா. இருபது வருசமாக அதுதான் சீவியம்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தாலி கட்டுவதைத் தவறவிட்டாலும் சனம் மன்னிக்கும், சபையைத் தவறவிட்டால் மன்னிக்காது. ஐயர் மந்திரத்தைத் தொடங்கினதும் சற்குணம் முன்வரிசையில் தொடங்குவார். கடைசி வரிசையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நித்திரை கொள்கிறவர் வரைக்கும் ஒவ்வொரு முகமாக லைட்டைப் பிடித்துக்கொண்டு போவார். ஒரு முகத்துக்கு மூன்று விநாடி. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு அடுத்த ஆள். லைட் கிட்ட வரவரப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிடுவார்கள், ஆண்கள் வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்குவார்கள். யாராவது விடுபட்டால் மற்ற நாளே போன் வரும். எங்கடை பெரியப்பா வந்திருந்தவர், கசற்றில் ஆளைக் காணேல்லை, வேணுமென்றுதான் விட்டனீரோ என்று கேட்பார்கள். கொப்பி யார் கேட்டாலும் கொடுப்பார். கனடாவில் இருக்கிற மாமிக்கு ஒன்று, பிரான்சில் இருக்கிற மச்சாளுக்கு ஒன்று. எங்கள் சனத்துக்கு ஒரு விழாவுக்கு வந்ததைவிட வந்தது கசற்றில் தெரிவதுதான் பெரிய காரியம். அதில் சற்குணத்தை மட்டும் பிழை சொல்ல ஏலாது.

அதே பெற்றோல் ஷெட்டில் அவரோடு வேலை செய்தவர் விஜயரத்தினம். வீடு வால்தம்ஸ்டோவில். மனைவி சுசிலா, ஒரே பிள்ளை ஜதுர்ஷிகா. விஜயரத்தினத்துக்கு ஒரே ஒரு விசர், அது பேப்பர் வாசிப்பது. விற்காமல் திருப்பி அனுப்புகிற பேப்பர், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பேப்பர், கடலை சுற்றிவந்த பேப்பர், ஒன்றையும் வாசிக்காமல் விடமாட்டார். கல்லாப்பெட்டிக்கு முன்னால் ஆறு பேர் வரிசையில் நிற்க இவர் தலையங்கம் வாசித்துக்கொண்டிருப்பார். சற்குணம் அவருக்குப் ‘பேப்பர்’ என்று பட்டம் வைத்தார். பேப்பர், தேத்தண்ணி ஊத்தட்டோ? பேப்பர், மூண்டாம் பம்பைப் பார்! வேறு எவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு நெருக்கம்.

கமராவைக் கண்டால் மட்டும் விஜயரத்தினம் மாயமாகிவிடுவார். பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் கசற்றில்கூட அவருடைய முதுகுதான் இருக்கிறது. கலியாண அல்பம் இடப்பெயர்வில் போய்விட்டது.

தொண்ணூற்றொன்பதில் ஊரில் ஒரு பள்ளிக்கூட அதிபரைச் சுட்டுப்போட்டார்கள். சுட்டது ஆமி இல்லை. அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. விஜயரத்தினம் அந்த அதிபரிடம் படித்தவர். வால்தம்ஸ்டோவில் ஒரு சேர்ச்சின் பின்பக்க அறையை எடுத்து நினைவுக்கூட்டம் வைத்தார். நாற்பது நாற்காலி போட்டார், இருபத்துமூன்று பேர் வந்தார்கள். அதிபரின் மனைவிக்கு அனுப்பவேண்டும், அந்த மனுசி தனியாக இல்லை என்று அவவுக்குத் தெரியவேண்டும், வந்து எடுத்துத் தா என்று சற்குணத்தை அவர்தான் கேட்டார். கமராவுக்கு ஒளிக்கிற மனுசன் அன்றைக்கு அதற்கு முன்னால் நின்று ஐந்து நிமிசம் பேசினார். எங்கடை ஆக்களை நாங்களே சுட்டுக்கொண்டு மற்றவனிடம் நியாயம் கேட்க ஏலாது என்றார். குரல் நடுங்கவில்லை. அவர் பேசி முடித்ததும் சற்குணம் பழக்கதோஷத்தில் கமராவைச் சபைப்பக்கம் திருப்பினார். இருபத்துமூன்று முகம், முகத்துக்கு மூன்று விநாடி.

அடுத்த கிழமை கணேஸ்வரன் சற்குணத்தின் வீட்டுக்கு வந்தார். இயக்கத்துக்கு இங்கே வேலை பார்த்த ஆள். வீடு வீடாக வருவார், எல்லாரையும் அண்ணை, அக்கா என்பார், ஒருவருக்கும் அவரை வாசலோடு அனுப்பத் துணிச்சல் வராது. ஊர்ச் சனம் கூடுகிற பெரிய விழாக்களுக்கு யார் படம் எடுப்பது என்பதும் அவர் வாயில்தான் இருந்தது. சோபாவில் இருந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, எழும்பும் நேரத்தில் அந்த வால்தம்ஸ்டோ கூட்டத்தின் கொப்பி ஒன்று கிடைக்குமோ என்று கேட்டார். சற்குணம் கொடுத்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நிற்கவில்லை. கணேஸ்வரன் அதை ஒருக்கால் போட்டுப் பார்ப்பமே என்று திரும்பவும் சோபாவில் இருந்தார். ஒவ்வொரு முகமும் வர, ரிமோட்டை அழுத்தி நிறுத்தி, இது ஆர் அண்ணை என்று கேட்டார். லண்டன் தமிழரில் தனக்குத் தெரியாத முகமே இல்லை என்ற பெருமை சற்குணத்துக்கு. இவர் ஸ்ரீஸ்கந்தராஜா, தெற்கு லண்டனில் மிச்சம் பக்கம். இவர் சச்சிதானந்தன், ஈஸ்ட் ஹாம். பேரும் இடமுமாகச் சொல்லிக்கொண்டு போனார். விஜயரத்தினத்தின் முகம் வந்தபோது சிரிப்பும் வந்தது. இவனோ, இவன் பேப்பர் விஜயரத்தினம், வால்தம்ஸ்டோ என்றார். கணேஸ்வரன் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். ஏன் தம்பி எழுதுறீர் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த வருசத்திலிருந்து பெரிய விழாக்கள் எல்லாம் சற்குணத்துக்கே வந்தன. ஏன் வருகின்றன என்றும் அவர் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. இங்கிருந்த சனம் எல்லாம் பெட்டி பெட்டியாகச் சொக்லேற்றும் சவர்க்காரமும் கட்டிக்கொண்டு ஊருக்குப் பறந்தது. விஜயரத்தினமும் தாயைப் பார்க்கப் போனார். இயக்கத்தின் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாருடைய பாஸ்போட்டையும் உள்ளே கொண்டுபோய், எல்லாருடையதையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடையதை மட்டும் கொடுக்கவில்லை. சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம் என்றார்களாம். பஸ் போய்விட்டது, விஜயரத்தினம் திரும்பி வரவில்லை. சுசிலா ஏறாத படி இல்லை, எழுதாத கடிதம் இல்லை. கணேஸ்வரனிடமும் போய் அழுதாள். விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா என்று அவரும் தலையை ஆட்டினார். இரண்டு வருசம் கழித்து ஆள் இல்லை என்று மட்டும் செய்தி வந்தது. என்றைக்கு, எங்கே என்று ஒன்றும் இல்லை. திதி தெரியாத மனுசனுக்குத் திவசம் எப்படிச் செய்வது? அவர் லண்டனை விட்டுப் புறப்பட்ட நாளில் சுசிலா வருசாவருசம் சோறு படைத்தாள்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவள் சற்குணத்திடம் கசற்றைக் கேட்கத் தொடங்கினாள். தகப்பன் போகும்போது ஜதுர்ஷிகாவுக்கு ஐந்து வயது. முகத்துக்கு நாலு போட்டோ இருந்தது. குரலுக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் குரல் தடிப்பா, மெல்லிசா என்று பிள்ளை தாயைக் கேட்குமாம். அதிபரின் மனைவிக்கு அனுப்பின கொப்பி போய்ச் சேரவில்லை. அந்தக் குரல் உலகத்தில் மிஞ்சியிருந்தது சற்குணம் எடுத்த அந்த ஐந்து நிமிசத்தில் மட்டும்தான். சற்குணம் ஒருமுறை கசற்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றார். மறுமுறை வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார். கசற் அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரு துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதைக் கொடுத்தால் இது வேறு யாரிடம் போனது என்று சுசிலா கேட்பாள் என்ற பயம். கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து தகப்பனின் குரலை ஐந்து வருசம் ஒளித்துவைத்த மனுசன் இவர். வெட்கம் கெட்ட வேலை, வேறென்ன சொல்ல?

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தோடு சண்டையும் இயக்கமும் எல்லாம் முடிந்தது. கணேஸ்வரன் மீசையை எடுத்துவிட்டு மொத்தவியாபாரம் தொடங்கினார். இது சரிவராது எண்டு நான் அந்த நாளிலேயே சொன்னனான் என்று அவரும் கதைக்கத் தொடங்கினார். சற்குணத்துக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதைச் சொல்லவே கூசும். இனி இதைக் கேட்க ஆளில்லை, சாட்சியும் இல்லை என்ற நிம்மதி. ஆனால் ஒக்டோபரில் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையானாள். நவம்பர் கடைசியில் ஈஸ்ட் ஹாமில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு. சுசிலா போன் எடுத்தாள். பெரிய திரையில் ஒரு நிமிசமாவது தகப்பன் பேசுகிறதைப் பிள்ளை கேட்கவேண்டும், இன்னொருக்கால் தேடிப் பாருங்கோ அண்ணை என்றாள். தேடிப் பாக்கிறன் என்று சற்குணம் போனை வைத்தார்.

அந்தக் கிழமைதான் ஷூஃபென் அவரை ஒரு வேலைக்குக் கூப்பிட்டாள். பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்கிற தைவான்காரி. அவர்களுடைய சங்கம் சனிக்கிழமை மத்தியானம் ஒரு சின்னத் தியேட்டரை எடுத்துத் தங்கள் நாட்டைப் பற்றிய படம் ஒன்று போடுகிறதாம். படம் முடிய ஒரு கலந்துரையாடல் இருக்கிறது, அதை எடுத்துத் தரவேண்டும் என்றாள். சற்குணம் போய்ப் பின்வரிசையில் கமராவை நிறுத்தினார். மேடையை மட்டும் எடு, சபைப்பக்கம் திருப்பவே கூடாது என்று ஷூஃபென் சொன்னாள். எங்கடை சனம் என்றால் திருப்பாவிட்டால்தான் சண்டைக்கு வரும் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த கிழடுகளைக் காட்டி, இவர்கள் அந்த நாளில் வெளிநாட்டில் ஊர்வலம் போகும்போது தலையில் கடதாசிப் பையைக் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு போனவர்கள், இன்றைக்கும் தெரியாத கமராவைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார்கள் என்றாள். அவருக்கு அது பெரிய கூத்தாகப் பட்டது.

சீனப்படம் மாதிரி அடிபிடியாக இருக்கும் என்று நினைத்து இருந்தவருக்குப் படம் வேறுமாதிரித் தொடங்கியது. தைவானில் இராணுவச் சட்டம் நடக்கிற காலம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நகரத்தில் தைவான் மாணவர்கள் கொஞ்சப் பேர் கூடித் தேர்தல் வேண்டும், வாய் திறக்கிற உரிமை வேண்டும் என்று கதைக்கிறார்கள். அவர்களோடு ஒரு இளம் பேராசிரியர். கூட ஒரு சந்தோசமான பெடியன், கழுத்தில் எந்நேரமும் கமரா. வனபோசனத்தில் படம் எடுப்பான், கூட்டத்தில் படம் எடுப்பான், எல்லாருக்கும் கொப்பி கொடுப்பான். அவனை ஒருநாள் தூதரகத்து ஆள் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். தேநீர் ஊற்றுகிறார். படங்களை மேசையில் பரப்பி, இது யார், இது யார் என்று கேட்கிறார். பெடியன் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான்.

சற்குணம் எழும்பி வெளியே போவமோ என்று பார்த்தார், கமராவை விட்டுப் போக ஏலாது. பேராசிரியர் தாயைப் பார்க்க ஊருக்குப் போகிறார். ஒரு அதிகாரி அவருக்கு முன்னால் அந்தப் படங்களை வைக்கிறான். விடிய அவரை ஒரு கட்டடத்தின் அடியில் பிணமாகக் கண்டெடுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பத்திரிகைக்காரி கொலைகாரனைத் தேடுகிறாள். கார் துரத்துது, கதவு உடையுது, பெரிய பெரிய ஆட்கள் அகப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கமராப் பெடியனை ஒருவரும் தேடவில்லை. கடைசியில் சுதந்திரமான தேர்தல் வருகிறது, சனம் கொடியோடு தெருவில் ஆடுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் தலை நரைத்த ஆளாக அவனும் நின்று எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

சற்குணம் விம்மி விம்மி அழுதார். இருக்கையில் குனிந்து, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த தைவான் கிழவி அவருடைய கையைப் பிடித்து, கண்ணைத் துடைக்க ரிசுப் பேப்பர் கொடுத்தா. தன்னுடைய நாட்டுக்காக ஒரு அந்நியன் இப்படி அழுகிறானே என்று அவவுக்கும் கண் கலங்கியிருந்தது. நீ நல்ல மனுசன் என்று ஆங்கிலத்தில் சொன்னா. அவர் அதை மறுக்காமல் தலையை ஆட்டினார். கலந்துரையாடல் தொடங்கிக் கொஞ்ச நேரம் கமராவை ஓடவிடவும் மறந்துபோனார்.

அடுத்த நாள் ஞாயிறு காலமை துவாயைப் பிரித்துக் கசற்றை எடுத்து, டிவிடியிலும் பதிந்துகொண்டு வால்தம்ஸ்டோவுக்கு ரெயில் ஏறினார். சுசிலா கதவைத் திறந்தாள். பிள்ளை நடன வகுப்புக்குப் போயிருந்தது. அவள் கசற்றைக் கண்டதும் கையிரண்டையும் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சற்குணம் முதலில் படத்தைப் பற்றிச் சொன்னார். தைவானைப் பற்றி, பேராசிரியரைப் பற்றி, கடதாசிப் பையைப் பற்றி, தான் அழுததைப் பற்றியும் சொன்னார். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு, இந்தக் கசற்றில் ஒரு கொப்பி கணேஸ்வரனுக்குப் போனது, கேட்டபோது மறுக்க ஏலாமல் போச்சு என்றார்.

“கொப்பி மட்டும்தானே அண்ணை?” என்று சுசிலா கேட்டாள்.

இவ்வளவு தூரம் வந்த மனுசன் அதற்கு என்ன சொன்னார் தெரியுமோ? ஓம் என்றார். கொப்பி மட்டும்தான் என்றார்.

சுசிலா கொஞ்ச நேரம் கசற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். விஜயரத்தினத்தோடு ஒரே அறையில் அடைபட்டிருந்து தப்பி வந்த ஒரு ஆள் இரண்டாயிரத்து நாலில் போன் எடுத்தவர் என்றாள். கசற்றைப் போட்டுப் போட்டுத்தானாம் விசாரித்தார்கள். கையில் ஒரு பேப்பர் வைத்திருந்தார்களாம், ஒவ்வொரு முகத்துக்கும் பேரும் இடமும்.

“அதிலை ‘பேப்பர் விஜயரத்தினம், வால்தம்ஸ்டோ’ எண்டு இருந்ததாம். அவரை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் இந்த உலகத்திலை ஒராள்தான், அண்ணை.”

அப்ப உனக்கு எல்லாம் தெரியுமோ என்று சற்குணம் தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

“அஞ்சு வருசமாத் தெரியும். கசற் கேட்டு ஒவ்வொருக்காலும் நான் போன் எடுக்கேக்கை, இண்டைக்காவது உங்கடை வாயாலை வரும் எண்டு பாத்தனான். பூஞ்சணம் எண்டியள். தொலைஞ்சுபோச்சு எண்டியள். இண்டைக்குப் படம் பாத்து அழுதனான் எண்டு வந்து சொல்லுறியள். என்ர மனுசனுக்கு வராத கண்ணீர் ஆரோ தைவான்காரனுக்கு வந்திருக்கு. அதிலையும் பாதிப் பொய்.”

அவர் கதிரையை விட்டு இறங்கி அவளுடைய காலடியில் இருக்கப் பார்த்தார். வேண்டாம், எழும்புங்கோ என்று சுசிலா கையைக் காட்டித் தடுத்தாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. சாமத்தியவீட்டுக்கு லோகன் என்ற வேறு ஆளைக் கமராவுக்குப் பிடித்திருக்கிறன் என்று சொன்னாள். நீங்கள் வெறுங்கையோடு வாங்கோ, முன்வரிசையில் உங்களுக்கு ஒரு கதிரை போடுறன் என்றாள். வராமல் நிற்க அவருக்குத் துணிவில்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சனம் கேட்குமே.

மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்வரிசை நடுவில் சற்குணம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டிருந்தார். இருபது வருசத்தில் அவர் சபையில் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான். அவருக்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையில் கணேஸ்வரன், வெள்ளை வேட்டியும் சால்வையுமாக. மொத்தவியாபாரி, இப்போது பெரிய மனுசன்.

ஆராத்தி முடிந்ததும் விளக்குகளை அணைத்தார்கள். திரையில் விஜயரத்தினம் வந்தார். எங்கடை ஆக்களை நாங்களே என்று தொடங்கினார். நகையும் பூவுமாக மேடையில் நின்ற ஜதுர்ஷிகா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் நின்ற மாமியிடம், அப்பாவின் குரல் இவ்வளவு மெல்லிசா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்ட பிறகுதான் அழுதாள். பின்னாலிருந்து கணேஸ்வரன், தங்கமான மனுசன் என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிக் கை தட்டினார்.

வெளிச்சம் வந்தது. லோகன் கமராவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்வரிசையின் ஓரத்தில் தொடங்கினார். முகம் முகமாக வந்தார். சற்குணம் தன்னை அறியாமல் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த ஆள். ஒன்று, இரண்டு, மூன்று. லைட் அவருடைய முகத்தில் விழுந்தது. அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆயிரம் பேருக்குச் சிரியுங்கோ, சிரியுங்கோ என்று சொன்ன மனுசனுக்கு உதடு விரியவில்லை. மூன்று எண்ணி முடிந்தது. லைட் போகவில்லை.

லோகனின் தோளில் கை வைத்து, சுசிலா பக்கத்தில் நின்றாள். பட்டுச்சேலை, நெற்றியில் பொட்டில்லை.

“கொஞ்சம் நில்லுங்கோ தம்பி. இவரை நல்லாப் பிடியுங்கோ” என்றாள். பிறகு கமராவின் மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய்த் தெளிவாகச் சொன்னாள். “இவர் சற்குணம். பிளேஸ்டோ.”

லைட் இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது. கணேஸ்வரன் சால்வையைச் சரிசெய்துகொண்டு கமராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். சுசிலா லைட்டோடு கூடவே போய் அவருடைய பேரையும் சொன்னாள்.